கோடைகால விடுதிப் பணிக்கு எச்-2பி விசா: வழக்கறிஞரை எப்போது அணுக வேண்டும்?

கேள்வி கேட்டவர்: அட்லாண்டிக் கரை

அனைவருக்கும் வணக்கம். மேரிலாந்து மாநிலத்தின் ஓஷன் சிட்டியில் நானும் என் கணவரும் ஒரு சிறு விடுதியை நடத்தி வருகிறோம். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் விடுதிதான். ஆனால் மே மாத இறுதியில் வரும் மெமோரியல் டே தொடங்கி செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டே வரையில்தான் அறைகள் நிரம்புகின்றன. மற்ற மாதங்களுக்கு எங்கள் நிரந்தரப் பணியாளர்களே போதும். கோடையில் அறைத் துப்புரவுக்கும் சலவைக்குமாகக் கூடுதலாகப் பத்துப் பேர் தேவைப்படுகின்றனர். இதுவரை ஜே-1 விசாவில் கோடை விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டு சமாளித்தோம். அவர்கள் வருவதும் கிளம்புவதும் அவரவர் கல்லூரி நாட்காட்டியைப் பொறுத்தது என்பதால், ஆகஸ்ட் கடைசியில் ஆளில்லாமல் திண்டாட வேண்டியிருக்கிறது. ஆகவே 2026 கோடைக்கு, விவசாயம் அல்லாத தற்காலிக வேலைகளுக்கான எச்-2பி விசாவில் பணியாளர்களை அழைக்கலாமா என்று இந்தச் செப்டம்பரிலேயே யோசிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

முகவர் ஒருவர் எங்களிடம் பேசினார். வழக்கறிஞர் தேவையே இல்லை, எல்லாப் படிவங்களையும் தாமே தாக்கல் செய்வதாகவும், எங்களிடம் பெயரளவுக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மீதியை வரவிருக்கும் பணியாளர்களிடமே பெற்றுக்கொள்வதாகவும் சொல்கிறார். இது முறைதானா? தூத்துக்குடியில் இருக்கும் கணவரின் உறவினர் இருவரும் இதே விசாவில் வர விரும்புகின்றனர்; அவர்களை அழைக்க முடியுமா? விடுதியை ஒட்டி நாங்கள் நடத்தும் சிற்றுணவகத்துக்கு ஒரு தோசை மாஸ்டரையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வழக்குக்கோப்பு

வணக்கம் அம்மா. குடிவரவு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் எச்-2பி கோப்புகளிலேயே கழிகிறது. நான் வழக்கறிஞர் அல்லன் என்பதால், இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதாகக் கொள்ளுங்கள்.

தோசை மாஸ்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உணவகத்துக்கு ஆண்டு முழுவதும் சமையல்காரர் தேவை என்றால் அது தற்காலிகத் தேவை ஆகாது. எச்-2பிக்கு இடமே இல்லை. வருபவர் தற்காலிகமாகத் தங்குகிறாரா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. உரிமையாளரின் தேவை தற்காலிகமானதா என்றுதான் பார்க்கிறது. அந்தத் தேவையை விதிகள் நான்கு வகையாகப் பிரிக்கின்றன: ஒரே ஒரு முறை எழும் தேவை, பருவத்தேவை, உச்சகாலத் தேவை, எப்போதாவது இடையிடையே எழும் தேவை. உங்கள் விடுதி குளிர்காலத்தில் மூடிக் கிடந்தால் பருவத்தேவை என்று வாதிடலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆண்டு முழுவதும் நிரந்தரப் பணியாளர்கள் இருக்கிறார்கள், கோடையில் மட்டும் அவர்களுக்குத் துணையாக ஆட்களைச் சேர்க்கிறீர்கள். அது உச்சகாலத் தேவை. தவறான வகையைக் குறித்துவிட்டு, பிறகு ஊதியப் பட்டியல் வேறு கதை சொல்லும்போது விழிக்கும் விண்ணப்பதாரர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. ஆகவே முந்தைய ஆண்டுகளின் ஊதியப் பட்டியலை மாதவாரியாக, நிரந்தரப் பணியாளர் தனி, தற்காலிகப் பணியாளர் தனி என்று பிரித்து எடுத்து வையுங்கள். அறைகள் நிரம்பிய விகிதமும் மாதவாரியாக இருக்கட்டும். நல்ல வழக்கறிஞர் முதல் சந்திப்பில் கேட்பது இதைத்தான். இதைக் கேட்காமல் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி, காலக்கணக்கு. எச்-2பிக்கு ஒரு நிதியாண்டில் 66,000 பேர் என்பதே நாடாளுமன்றம் வகுத்த உச்சவரம்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை பணி தொடங்குவோருக்கு 33,000, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தொடங்குவோருக்கு 33,000. இரண்டாம் பாதிக்கான இடங்கள் 2024இல் மார்ச் 7 அன்றும், 2025இல் மார்ச் 5 அன்றும் தீர்ந்துவிட்டன. மறுபுறம், தொழிலாளர் துறையிடம் சான்று கோரும் 9142பி விண்ணப்பத்தைப் பணி தொடங்கும் நாளுக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்புதான் தாக்கல் செய்ய முடியும். ஏப்ரல் 1 அன்று ஆள் வேண்டும் என்பவருக்கு அந்த வாசல் ஜனவரி 1 அன்று திறக்கிறது. ஜனவரி முதல் மூன்று நாட்களில் வரும் விண்ணப்பங்களைத் துறை குலுக்கல் முறையில் ஏ, பி, சி என்று குழுக்களாகப் பிரித்து, ஏ குழுவை முதலில் பரிசீலிக்கிறது. மே 15 அன்றுதான் ஆள் வேண்டும் என்று நீங்கள் உண்மையைச் சொன்னால், உங்களுக்கு வாசல் திறப்பது பிப்ரவரி நடுவில். தொழிலாளர் துறையின் சான்று கைக்கு வந்து, அதன்பின் குடிவரவுத் துறையிடம் பணியாளர்களை அழைப்பதற்கான ஐ-129 மனுவைக் கொடுப்பதற்குள் இடம் தீர்ந்திருக்கும். வழக்கறிஞரின் மதிப்பு வெளிப்படும் இடம் இதுதான். எல்லோரும் ஏப்ரல் 1 என்று எழுதுகிறார்களே என்று நீங்களும் எழுதிவிட முடியாது. அந்தத் தேதி உங்கள் வணிகத்தின் ஆவணங்களால் தாங்கப்பட வேண்டும். ஈஸ்டர் விடுமுறைக் கூட்டமும் பருவம் தொடங்கும் முன் அறைகளைத் தயார்ப்படுத்தும் வேலையும் ஏப்ரலிலேயே கூடுதல் ஆட்களைக் கோருகின்றன என்று உங்கள் கணக்கு காட்டினால் ஏப்ரல் 1 நியாயமான தேதி. காட்டவில்லை என்றால், அந்தத் தேதியை எழுதித் தருகிறேன் என்பவரின் உதவி உங்களுக்கு வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக 9141 படிவத்தின் மூலம் அந்தப் பகுதியில், அந்த வேலைக்கான நடப்பு ஊதியத்தைத் தொழிலாளர் துறை நிர்ணயித்துத் தர வேண்டும். குறைந்தது 60 நாட்கள் முன்னதாகக் கேளுங்கள் என்பது துறையின் அறிவுரை. நாங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கேட்டுவிடுகிறோம். நீங்கள் சரியான மாதத்தில்தான் கேள்வியை எழுப்பியிருக்கிறீர்கள்.

முகவரைப் பற்றி: தொழிலாளர் துறையின் முன் முகவர் ஒருவர் உங்கள் சார்பில் செயல்பட விதி இடமளிக்கிறது, அவரோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் படியையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். ஆனால் குடிவரவுத் துறையின் முன் உங்கள் பிரதிநிதியாக நிற்க, வழக்கறிஞராகவோ அரசு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாக அவர் சொல்வது பாதிக்கு மேல் செல்லாது. பணியாளர்களிடம் மீதியை வாங்கிக்கொள்வது என்ற பேச்சோ நேரடியான விதிமீறல். உங்கள் வழக்கறிஞர் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், ஆள் சேர்ப்புச் செலவு ஆகிய எதையும், எந்தப் பெயரிலும், பணியாளர் தலையில் வைக்கக் கூடாது. 2025 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதி இதை இன்னும் இறுக்கிவிட்டது: முகவர் வாங்கினார், எனக்குத் தெரியாது என்று உரிமையாளர் எளிதாகக் கைகழுவ முடியாது. தடை செய்யப்பட்ட கட்டணம் வசூலிக்கப்பட்டது என்று மனு நிராகரிக்கப்பட்டால், அடுத்த ஓராண்டுக்கு உங்கள் எச்-2 மனுக்கள் ஏற்கப்படமாட்டா; பணத்தைப் பணியாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அந்தத் தடை மேலும் மூன்றாண்டு நீளும்.

பதில்: மலைவிடுதி

கொலராடோவின் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் விடுதி மேலாளராக இருக்கிறேன். எங்களுக்கு உச்சகாலம் குளிர்காலம் என்பதால், நாங்கள் முதல் பாதி ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறோம். மேலே நண்பர் எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடே. எனினும் செலவுக்கணக்கை அவர் தொடவில்லை. எங்களைப் போன்ற சிறு விடுதிகளைத் தடுமாற வைப்பது அந்தக் கணக்குதான்.

விசாக் கட்டணங்கள் பெரிய சுமை இல்லை. தொழிலாளர் துறையிடம் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஐ-129 மனுவுக்குப் பணியாளர் பெயர் குறிப்பிட்டால் 1,080 டாலர். 25 பேருக்கு மேல் முழுநேரப் பணியாளர் இல்லாத சிறு நிறுவனத்துக்கு 540. பெயர் குறிப்பிடாமல் இத்தனை இடங்கள் என்று மட்டும் கேட்டால் 580. சிறு நிறுவனத்துக்கு 460. இவற்றோடு மோசடித் தடுப்புக் கட்டணம் 150, புகலிடத் திட்டக் கட்டணம் சிறு நிறுவனத்துக்கு 300, பெரியதற்கு 600. வழக்கறிஞர் கட்டணம் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேட்பவர்களும் உண்டு, ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு.

உண்மையான செலவு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. நடப்பு ஊதியம் என்று துறை தருவது அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கான சராசரி ஊதியம். பெரும்பாலும் நாம் இப்போது புதியவருக்குக் கொடுப்பதைவிட அதிகமாகவே இருக்கும். அந்த ஊதியத்தை எச்-2பி பணியாளருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. அதே வேலையைச் செய்யும் உள்ளூர்ப் பணியாளருக்கும் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்கு மேலாகத் தொடர்ந்து முழுநேரம் பணியாற்றுவோர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு உண்டு. அடுத்தது முக்கால் பங்கு உறுதி. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைந்தால் முழுநேர வேலை ஆகாது. 35 மணி என்றே வைத்துக்கொண்டாலும், கணக்குப் பார்க்கப்படும் ஒவ்வொரு 12 வாரத்துக்கும் 420 மணி. அதில் முக்கால் பங்கான 315 மணி நேரத்துக்கு வேலை கொடுத்தாக வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் ஊதியமாவது கொடுத்தாக வேண்டும். மொத்தப் பணிக்காலம் 120 நாட்களுக்குக் குறைவென்றால் இந்தக் கணக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கப்படும். இடத்தைப் பிடிப்பதற்காக ஏப்ரல் 1 என்று எழுதிவிட்டு, ஏப்ரல் முழுதும் பாதி அறைகள் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பொய்த் தேதிக்குச் சட்டம் தரும் தண்டனை ஒருபுறம் இருக்க, ஊதியக் கணக்கே முதல் தண்டனையைத் தந்துவிடும். மூன்றாவது, பயணச் செலவு: பணிக்காலத்தில் பாதியை முடித்தவருக்கு அவர் வந்த செலவையும் வழிச் சாப்பாட்டுச் செலவையும், முழுதும் முடித்தவருக்கும் நாமாக இடையில் நிறுத்தியவருக்கும் திரும்பும் செலவையும் ஏற்க வேண்டும். விசாக் கட்டணமான 205 டாலரை முதல் வேலை வாரத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தங்குமிடம் தர வேண்டும் என்ற கட்டாயம் எச்-2பியில் இல்லை. விவசாயப் பணிக்கான எச்-2ஏயில்தான் உண்டு. ஆனால் ஓஷன் சிட்டியில் கோடை வாடகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். தங்குமிடம் கொடுத்து வாடகையை ஊதியத்தில் பிடிப்பதாக இருந்தால், அதை வேலை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வரி போன்று சட்டமே கோரும் பிடித்தங்களைத் தவிர, அறிவிப்பில் இல்லாத பிடித்தம் எதுவும் செல்லாது.

மீண்டும்: அட்லாண்டிக் கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரிடம் இனிப் பேசுவதாக இல்லை. ஏப்ரல் மாத ஊதியப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கடந்த இரு ஆண்டுகளிலும் ஏப்ரல் நடுவிலிருந்தே கூடுதல் ஆட்களுக்கு ஊதியம் போயிருக்கிறது. இதை வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்கிறேன். உறவினர் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. கூடுதல் விசாக்கள் என்று ஒன்று அறிவிக்கப்படுவதாகவும் கேள்விப்பட்டேன். அதில் அவர்கள் வர வழி உண்டா?

பதில்: பொருநைக்கரை

வணக்கம் அம்மா. நான் டெக்சாஸில் வெல்டராக இருந்து இப்போது ஓய்வு பெற்றவன்; எச்-2பியில் வந்த நம்மவர் பலரை அறிவேன். உறவினர் விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கூடுதல் விசா என்பது ஆண்டுதோறும் அரசு தன் விருப்பப்படி அறிவிப்பது. நம்பித் திட்டமிடத் தக்கதன்று. 2025 நிதியாண்டில் 64,716 அறிவித்தார்கள். அதில் 44,716 இடங்கள், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எச்-2பியில் பணியாற்றியவர்களுக்கு மட்டும். அவற்றிலும் மே 15 முதல் பணி தொடங்குவோருக்கு வெறும் 5,000. மீதி 20,000 இடங்கள் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், ஹைட்டி, கொலம்பியா, ஈக்வடார், கோஸ்டா ரிகா நாட்டினருக்கு. ஆகவே முதல் முறையாகத் தூத்துக்குடியிலிருந்து வருபவருக்கு இவை எதிலும் இடமில்லை. வழக்கமான 33,000இல் கிடைத்தால்தான் உண்டு. இந்த விசாவுக்குத் தகுதியான நாடுகளின் பட்டியல் ஒன்று முன்பு இருந்தது. அதை 2025 விதி நீக்கிவிட்டதால், இந்தியர் என்பது இப்போது தனித் தடை அன்று.

ஆனால் உறவினரை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையை அறிவிப்பதில் வேறு ஆபத்து இருக்கிறது. மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெளியாகும் அறிவிப்பைப் பார்த்து வரும் தகுதியுள்ள உள்ளூர்க்காரர் அனைவரையும், பணி தொடங்கும் நாளுக்கு 21 நாட்கள் முன்பு வரை, நீங்கள் ஏற்றாக வேண்டும். முந்தைய பருவத்தில் வேலை செய்து நின்றுபோன உள்ளூர்ப் பணியாளர்களையும் நீங்களே தொடர்புகொண்டு அழைக்க வேண்டும். உறவினருக்காக உள்ளூர்க்காரர் ஒருவரை ஒதுக்கியது தெரியவந்தால், அதன் விளைவு அந்த ஓரிடத்தோடு நிற்காது. ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை திட்டத்திலிருந்தே உங்களை விலக்கிவைக்கத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் உண்டு. சென்னைத் துணைத்தூதரக நேர்காணலிலும் உறவுமுறை கேள்விக்குள்ளாகும். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருந்தாலும் விசா மறுக்கப்படாது என்று எச்-1பிக்கு இருக்கும் சலுகை எச்-2பிக்குக் கிடையாது. பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்பதை விண்ணப்பதாரர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். சித்தப்பா விடுதியில் வேலை என்று சொல்லும் இளைஞரை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஊரில் யார் மூலம் ஆள் எடுத்தாலும் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், வெளிநாடு செல்பவரிடம் 30,000 ரூபாய் வரையும் அதற்கான ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அங்கே அது சட்டப்படியான பணம். இங்கே எச்-2பி விதிப்படி அதுவே தடை செய்யப்பட்ட கட்டணம். ரசீது இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது என்று முகவர் காட்டினாலும், மனுவைக் கொடுத்த உரிமையாளர் நீங்கள்தான். ஆள்சேர்ப்பவரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே பணியாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று எழுத வேண்டும். அந்த ஒப்பந்தத்தையும், அவருக்குக் கீழே வேலை செய்யும் துணை முகவர்களின் பெயர்களையும் தொழிலாளர் துறையிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பிறகு, மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸின் ஆரஞ்சிலும் கப்பல்தளம் நடத்திய சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்காக, கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 500 வெல்டர்களும் குழாய்ப் பொருத்துநர்களும் எச்-2பியில் அழைத்து வரப்பட்டனர். கிரீன் கார்டு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, ஒவ்வொருவரும் 10,000 டாலர் முதல் 20,000 டாலர் வரை கொடுத்திருந்தனர். எச்-2பியோ பருவம் முடிந்ததும் திரும்பச் சொல்லும் விசா. ஒரு கூடத்தில் 24 பேர் வரை அடைக்கப்பட்டு, அதற்கு மாதம் 1,050 டாலர் பிடிக்கப்பட்டது. 2008இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு முதல் ஐந்து பேருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில் திவால் மனு கொடுத்தது. அந்த வழக்கில் பொறுப்பாக்கப்பட்டது நிறுவனம் மட்டும் அன்று. இந்தியாவில் ஆள் சேர்த்த முகவரும், அமெரிக்காவில் படிவங்களைத் தயாரித்த குடிவரவு வழக்கறிஞரும்கூட. நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞர் இந்த வழக்கை அறிந்திருக்கிறாரா என்று கேட்டே பார்க்கலாம்.

பதில்: வழக்குக்கோப்பு

பொருநைக்கரை ஐயா எழுதியதற்கு நன்றி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் வழக்கறிஞர் உங்களுக்கு வழக்கறிஞர். வருகிற பணியாளர்களுக்கு அல்லர். ஊதியம், பிடித்தம், தங்குமிடம் பற்றி அவர்களுக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால், அவர் உங்கள் பக்கம்தான் நிற்க வேண்டியவர். பணியாளர்களுக்கோ இலவசச் சட்ட உதவி எளிதில் கிடைப்பதில்லை: கூட்டரசின் நிதி பெறும் சட்ட உதவி மையங்கள் எச்-2ஏ விவசாயப் பணியாளருக்கும் எச்-2பியில் வனப்பணி செய்பவருக்கும் உதவலாம்; அறைத் துப்புரவுக்கு வரும் எச்-2பி பணியாளருக்கு உதவ, ஆட்கடத்தலுக்கு உள்ளானவர் போன்ற சில நிலைகளைத் தவிர, விதி இடம் தரவில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான சென்ட்ரோ டே லோஸ் டெரெச்சோஸ் டெல் மிக்ரான்டே போன்ற தன்னார்வ அமைப்புகளும், தொழிலாளர் துறையின் ஊதியம் மற்றும் பணிநேரப் பிரிவும்தான். அந்தப் பிரிவின் 1-866-487-9243 என்ற எண்ணில் குடிவரவு நிலையைச் சொல்லாமலே புகார் செய்யலாம். பணியிடத்தில் அவர்களின் உரிமைகளைச் சொல்லும் சுவரொட்டியை ஒட்ட வேண்டும். வேலை அறிவிப்பின் படியை, அவர்களுக்குப் புரியும் மொழியில், விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரத்துக்குள் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தமிழர் வருவதானால் தமிழில்.

வழக்கறிஞரைத் தேடுவது பற்றி: அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் பட்டியலில் பெயரும் ஒழுங்கு நடவடிக்கை விவரமும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். குடிவரவுச் சட்டம் கூட்டரசின் சட்டம் என்பதால், மேரிலாந்தில் பதிவு செய்தவராகவே இருக்க வேண்டியதில்லை. எச்-1பி மட்டுமே செய்து பழகியவர்களைவிட, ஓஷன் சிட்டி விடுதிகளுக்கோ மேரிலாந்தின் ஹூப்பர்ஸ் தீவிலுள்ள நண்டு பதப்படுத்தும் கூடங்களுக்கோ கோப்பு நடத்தியவர் கிடைத்தால் நல்லது. கடலுணவுத் தொழிலுக்கு மட்டும், குறித்த தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் பணியாளர்களைப் பிரித்துப் பிரித்து வரவழைக்கும் சலுகை உண்டு. விடுதிகளுக்கு அது கிடையாது. இந்த வேறுபாட்டைத் தெரியாமல் பேசுபவரை நான் விடுதிக்காரர் இருவரிடம் பார்த்திருக்கிறேன்.

கட்டண ஒப்பந்தத்தில், துறை குறைபாட்டு அறிவிப்பு அனுப்பினால் அதற்குப் பதில் எழுதுவது கட்டணத்தில் அடக்கமா, உச்சவரம்பு தீர்ந்து மனுவே ஏற்கப்படாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். 9141 படிவத்தை இந்த மாதமே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அதில் வேலையை விவரிக்கும்போது அறைத் துப்புரவையும் சலவையையும் ஒரே பணியாக எழுதுவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதைப் பொறுத்து ஊதியம் மாறக்கூடும். அதைத் தாக்கல் செய்வதற்கு முன் அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.